செவ்வாய்க்கிழமை நர்ஸ் வருவாள்

2025 பிப்ரவரி 6, வியாழன்

காலையில் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. புது நம்பர். புறங்கையால் தேய்த்து எடுத்தேன். ஒரு சின்னப்பெண் குரல். "எமல்டா அம்மாங்களா? நான் ஜெயபிரியா. உங்க அன்புக்குரியவரோட இழப்புக்கு எங்க ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சிக்கிறோம்" என்றாள். என் வீட்டுக்காரர் போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து இவ்வளவு மரியாதையாக வருத்தம் சொல்கிறவள் லோன் கொடுக்கிறவளாகத்தான் இருக்கும் என்று, "எங்களுக்கு லோன் வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தாள். லோன் இல்லையாம், ஆராய்ச்சியாம். எனக்குப் பக்கென்றது. "ஏளா, ஆளைப் புதைச்சாச்சே" என்றேன். பிறகு மெதுவாக விளக்கினாள். போன ஆளை வைத்து ஆராய்ச்சி இல்லையாம். மிச்சமிருக்கிற நம்மை வைத்துத்தானாம். அவர் கிடந்த ஆஸ்பத்திரியில், இனிக் குணமாகாது என்று ஆன நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆராய்கிறார்கள். அதில் எது சரி, எது தப்பு என்று ஆளைப் பறிகொடுத்த சொந்தக்காரர்களே சொல்ல வேண்டுமாம். "நீங்க பதில் சொல்றவங்க இல்லம்மா, ஆலோசகர்" என்று அழுத்திச் சொன்னாள்.

இறால் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். அங்கேகூட என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை. நானாகத்தான் கொடுப்பேன். "ஏசி ரூமா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். சரி, வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 8, சனி

பஹ்ரைனிலிருந்து மகள் பேசினாள். "அப்பாவப் பத்திக் கேட்டா நீ அழுதுருவியேம்மா" என்கிறாள். நான் ஏன் அழுகிறேன்? எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. அந்த மணி விஷயம். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் வரமாட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏசி ரூம்தான். நீள மேசை, நடுவில் டிஷ்யூ பெட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். உள்ளே காலை வைத்தால் மேசைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது யார்? பிலோமி மைனி. என் வீட்டுக்காரர் தொம்மையின் கூடப்பிறந்த அக்கா. கரை வைத்த சேலை, கையில் ஜெபமாலை, முகத்தில் பவுடர்.

ஒரு நோயாளிக்கு ஒரு சொந்தக்காரர்தான் கணக்காம். ஃபைலில் எங்கள் இரண்டு பேர் நம்பரும் இருந்ததால் ஜெயபிரியா இரண்டுக்கும் அடித்துவிட்டாள். "ரெண்டு பேரும் வந்தது ரொம்பச் சந்தோஷம்" என்று சிரித்தாள். அவளுக்கென்ன தெரியும், பாவம். அடக்கம் முடிந்ததிலிருந்து நானும் மைனியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முப்பதாம் நாள் பூசையில்கூட அவள் அந்தப் பக்கப் பெஞ்சு, நான் இந்தப் பக்கப் பெஞ்சு. நான் போய் மேசைக்குக் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு பேர். ஏரல் பக்கம் வயல் வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி. போன வருஷம் மனைவி தவறிவிட்டார். காயல்பட்டினத்துச் சக்கீனா, உம்மாவைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்தவள், மாப்பிள்ளை துபாயில்.

ஜெயபிரியா வாய்க்கு வாய் "உங்கள் அன்புக்குரியவர்" என்றாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "மொட்டையாச் சொன்னா யாருன்னு தெரியமாட்டேங்கு. அவிய பேரு தொம்மை. ஹார்பர்ல கப்பல் இழுக்குற டக் போட்ல வேல பாத்தாவ" என்றேன். அண்ணாச்சி தலையாட்டினார். "எம் பொண்டாட்டிய நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல தாயி. இப்பக் கூப்பிட்டா அவளுக்கே சந்தேகம் வரும்." மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

யாராவது பேச்சை நிறுத்தினால் போதும், ஜெயபிரியா டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளுவாள். பெட்டி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் அழவில்லை. கடைசியில் சக்கீனா மனசு கேட்காமல் ஒன்றை உருவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஜெயபிரியா உடனே எதையோ குறித்துக்கொண்டாள்.

"வீட்ல வச்சுப் பாத்துக்கிட்ட நாட்கள்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" இதுதான் முதல் கேள்வி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மைனி ஜெபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டு கட்" என்றேன்.

பிப்ரவரி 15, சனி

கரண்டு கட்டாம். வெட்கமாக இருக்கிறது. அங்கே சொல்லாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

போன ஜூனில், வார்டு வராந்தாவில் டாக்டர் எங்களிடம் வந்தார். நானும் மைனியும் நின்றுகொண்டிருந்தோம். "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தார், அவ்வளவுதான். அடுத்து, வலிக்கு மருந்து தருகிறோம், வாராவாரம் நர்ஸ் வீட்டுக்கே வருவாள், இன்னும் சில மாதம்கூட இருப்பார் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்டேன். மைனி கேட்கவில்லை. முதல் வார்த்தையிலேயே தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டாள். நம் ஊரில் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றால் ஒரே அர்த்தம்தானே. ஓடினவள் நேரே கோயில் உபதேசியாரிடம் போய்ச் சொல்ல, அவர் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போது துக்கமணி கேட்கிறது. தொம்மை படுத்தபடியே டிரைவரைக் கேட்டார். "ஏலே, யாருக்கு மணி?" டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வாசலில் போய் நின்றால் பந்தல்காரன் பெவின் சாமியானா கட்டி முடித்துவிட்டான். சேர் போட்டாச்சு. ஊரே நிற்கிறது. கதவைத் திறந்ததும் பெண்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். மனுஷன் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார், "யாரு செத்தது?" என்று.

பெவின் ஐஸ் பெட்டிமேல் அவசரமாகத் துணியைப் போட்டு மூடினான். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடகடவென்று சிரித்தார். "வந்தது வந்துட்டிய, உக்காருங்க. காப்பி போட்டாச்சா?" அவர் துக்கத்துக்குப் போட்ட காப்பியை அவரே வாங்கிக் குடித்தார். சீனி காணாது என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அதன்பிறகு யாரும் வரவில்லை. ஒரு தடவை அழுது முடித்தாச்சு, மறுபடி எந்த மூஞ்சியோடு வருவது என்று இருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் அவசர வேலை மாதிரி நடையைக் கூட்டுவான். ஆள் இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் அவர். ஆடி போச்சு, ஆவணி போச்சு. "அக்கா வரலியா?" - தினமும் ஒரு தடவை கேட்பார். மைனி வரவேயில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. மணி அடிக்கச் சொன்னதைக்கூட விடுகிறேன். வராததை எப்படி விட?

செப்டம்பரில் நிஜமாகவே மணி அடித்தது. பாதிப் பேர் உடனே வரவில்லை. பொய்மணியாக இருக்குமோ என்று ஆள்விட்டுக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கினேன். தவக்காலத்துக்கு எதையாவது ஒன்றை விட வேண்டும். சாமியார் பிரசங்கத்தில் பகையை விடச் சொன்னார். நான் காப்பியை விட்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

தலை இடிக்கிறது. பகையையே விட்டிருக்கலாமோ? சீ, வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது கூட்டம். நோயாளி வீட்டாருக்குக் கொடுக்கப் போகிற துண்டுப் பிரசுரத்தைக் காட்டினாள் ஜெயபிரியா. இதைத்தான் டாக்டர்களும் வாயால் சொல்வார்களாம். அட்டையில் சிரித்தபடி ஒரு குடும்பம். நம் பக்கத்து முகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே முதல் வரி: "நோயாளியை இனி நீங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்."

அண்ணாச்சி படித்துவிட்டுக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல இதச் சொன்னா முத போன் சங்கு ஊதுறவனுக்குப் போகும்" என்றார். சக்கீனா சொன்னாள்: "எங்க உம்மாவ கூட்டிட்டுப் போங்கன்னு சொன்ன அன்னிக்கு, நாங்க வீடு போய்ச் சேருமுன்ன பொம்பளையெல்லாம் யாசீன் ஓத உக்காந்துட்டாங்க. உம்மா கண்ணத் தொறந்து, யாருக்கு மௌத்துன்னு கேக்குறாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டில் மட்டும் நடந்த கூத்து என்று நினைத்திருந்தேனே.

அவ்வளவுதான், நானும் ஆரம்பித்துவிட்டேன். மைனி இருந்தால் என்ன? மணி, பந்தல், காப்பி எல்லாம் சொன்னேன். அண்ணாச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜெயபிரியா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைச் சொன்னேன். யாரும் வராததைச் சொன்னேன். "அவிய ஆளுங்கள்ல ஒருத்தர் எட்டிப் பாக்கல. ஒருவாய் கஞ்சி கொண்டு வரல" என்றேன். மேசையின் தலைமாட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மைனி எழுந்துவிட்டாள். "மாசிச் சம்பல் யாரு வச்சது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேக்கேன்ல. தினம் மத்தியானம் கஞ்சிக்கு மாசிச் சம்பல் வந்துச்சே, யாரு வச்சான்னு நினைச்ச?"

மாசிக் கருவாடு இடித்து வைத்த சம்பலை, பக்கத்து வீட்டுச் சீலி அக்காதான் தூக்குவாளியில் கொண்டுவந்து தருவாள். அவள் வைத்தது என்றுதான் தின்றோம். அந்தச் சம்பல் இருந்தால்தான் அவர் இரண்டு வாய் கஞ்சி கூடக் குடிப்பார்.

"சீலிக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமா?" என்றாள் மைனி. "நான் வச்சுக் குடுத்துவிட்டேன். எம் பேரச் சொன்னா நீ சாக்கடையில கொட்டிருவ. அவன் முகத்துல நான் எப்படி ஏளா முழிப்பேன்? உயிரோட இருந்த தம்பிக்கு மணி அடிக்கச் சொன்னவ நான். தெருமுக்கு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன். அடுத்த செவ்வாக்கெழம நர்ஸ் வீட்டுக்கு வருவான்னு அந்த டாக்டர் முத வார்த்தையாச் சொல்லிருந்தா நான் ஏன் கோயிலுக்கு ஓடப் போறேன்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். டிஷ்யூ பெட்டிக்கு அன்றைக்குத்தான் நிஜமான வேலை வந்தது. பெட்டி என் பக்கம் கிடந்தது, ஜெயபிரியா தள்ள மறந்துவிட்டாள். நான்தான் எடுத்துத் தள்ளினேன். வேறொன்றும் இல்லை, கையெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

சீலி அக்காவைப் பிடித்து உலுக்கினேன். எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: அவருக்குத் தெரியுமாம். முதல் நாளே ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "அக்கா கைப்பக்குவம்" என்றாராம். "எமல்டாட்ட சொல்லிராத சீலி, சண்டை போட்டுச் சம்பல நிப்பாட்டிருவா" என்றாராம்.

கள்ளன். தினமும் என்னிடம் "அக்கா வரலியா" என்று கேட்டுக்கொண்டே அந்தச் சம்பலைத் தின்றிருக்கிறார். போன பிறகும் என்னை ஏய்த்துவிட்டார் பார். இன்றைக்குத்தான் நன்றாக அழுதேன். மகள் சொன்னது சரிதான்.

மார்ச் 11, செவ்வாய்

சீலி அக்காவிடமே அந்தத் தூக்குவாளியை மைனிக்குக் கொடுத்துவிட்டேன். வெறும் வாளியாகக் கொடுப்பது முறையில்லை, நாலு மக்ரூன் வைத்தேன். சாயங்காலம் வாளி சம்பலோடு திரும்பி வந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் கால் தேயுது" என்று சீலி அக்கா வைகிறாள். வையட்டும். எத்தனை மாதம் எனக்குத் தெரியாமல் ஆடிய ஆட்டம்.

மார்ச் 18, செவ்வாய்

ஜெயபிரியா போன் செய்தாள். குரல் இறங்கி இருந்தது. ஆராய்ச்சிக்குத் தலைமையான டாக்டர் மேடம், பிரசுரத்தின் முதல் வரியை மாற்ற முடியாது என்கிறாராம். மேலே கமிட்டியில் பாஸ் ஆன வாசகமாம். "படிக்கிறவங்க முழுசாப் படிப்பாங்களே" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை அவரே கூட்டத்துக்கு வருகிறார். "நீங்க நேர்ல சொல்லிப் பாருங்கம்மா. நான் சொன்னா எடுபடல" என்றாள்.

எங்களை ஆலோசகர் என்று கூப்பிட்டுவிட்டு, முதல் வரியைத் தொடக் கூடாதாமே. இப்படியே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தால் எத்தனை வீட்டில் மணி அடிக்கும்? எத்தனை பேர் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள்?

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. மைனி வேண்டும் அதற்கு. வேறு வழியில்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

போனேன். வாசலில் நின்றபடியே யோசனையைச் சொன்னேன். மைனி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தவக்காலத்துல பொய் சொல்லணுமே ஏளா" என்றாள். "பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடலாம் மைனி" என்றேன்.

மார்ச் 22, சனி

நேற்று நடந்ததை எழுத நேற்று முடியவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலி.

காலையில் ஆஸ்பத்திரி வேன் அனுப்பியிருந்தார்கள். நானும் மைனியும் ஒன்றாக ஏறிப் போனோம். தெருவில் ஆளாளுக்கு நின்று பார்த்தார்கள். அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

டாக்டர் மேடம் மதுரைக்காரர். நல்ல மாதிரிதான், முகத்தில் தூக்கக் களைப்பு. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்க அனுபவத்த மதிக்கிறேன். ஆனா ஒண்ணு ரெண்டு வீட்ல நடந்தத வச்சு வாசகத்த மாத்த முடியாதும்மா, ஆதாரம் வேணும்" என்றார்.

"ஆதாரம்தான மேடம்? இங்கனயே எடுத்துருவோம்" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். பெவின் எடுத்தான். பிரசுரத்து வரியைத் தவிர ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை நான்.

"பெவின், ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாவ."

"ஆண்டவரே" என்றான். ஒரு மூச்சு விட்டான். "சரிக்கா, நீங்க பதறாதிய. சாமியானா ரெண்டு போதுமா? சேரு போன தடவையே பத்தாமப் போச்சு, இந்தத் தடவ கூடவே இறக்குதேன். ஐஸ் பெட்டி கைவசம் இருக்கு."

யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணாச்சி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது. "யோசிச்சிச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்தது மைனி. கோயில் உபதேசியாருக்கே போட்டாள், அன்றைக்கு ஓடிப்போய் யாரிடம் சொன்னாளோ அதே ஆளுக்கு. "உபதேசியாரே, அடுத்த செவ்வாக்கெழம நர்ஸ் வீட்டுக்கு வாரா. மருந்தெல்லாம் வீட்லயே குடுப்பாவளாம். இன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வாரோம்" என்றாள்.

"அப்படியா பிலோமி, நல்லதாப் போச்சு" என்றார் அவர். "முத வெள்ளிக்குச் சாமியார வீட்டுக்கே நற்கருணை கொண்டு வரச் சொல்லுதேன். பாயாசம் கீயாசம் வச்சிரு."

மேடம் பிரசுரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஜெயபிரியாவிடம், "கமிட்டிக்குத் திரும்ப அனுப்புவோம். நாள் எடுக்கும். அதுவரைக்கும் திங்கக்கிழமைல இருந்து வார்டுல நம்ம வாயால இப்படியே சொல்லுவோம், நர்ஸ் வர்ற நாள் முதல்ல" என்றார். எங்களைப் பார்த்து, "எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போகச் சொன்னப்ப நானும் பாதிதான் கேட்டேன்" என்றார். டாக்டரே பாதிதான் கேட்டாராம். நான் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

சந்தோஷத்தில் சமோசா சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம். பெவினுக்குத் திரும்பப் போன் பண்ண வேண்டும் என்பது ஒருத்தர் மண்டையிலும் வரவில்லை.

வேன் மைனி தெருவில் திரும்பியது. மைனி வீட்டு வாசலில் நீலமும் வெள்ளையுமாகச் சாமியானா. சேர், ஐஸ் பெட்டி, ஊரே நிற்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வண்டியில் ஒன்றாகப் போனோமா, போன பிறகு நான் பெவினுக்குப் போன் பண்ணினேனா - மைனி போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேறெதற்கு இவர்கள் ஒன்றாகப் போகப் போகிறார்கள்?

உபதேசியார் மட்டும் பெவினிடம் மல்லுக்கு நிற்கிறார். "செவ்வாக்கெழம நர்ஸ் வாராலே. நான் எப்படி மணி அடிக்க? முடியாது." பெவின் "அப்ப நான் ஏன் கட்டினேன்?" என்று அவரையே கேட்கிறான்.

வேன் கதவு திறந்தது. பெண்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். மைனி இறங்கினாள். கரை வைத்த சேலையும் பவுடரும் ஜெபமாலையுமாக, காலால் நடந்து.

மைனி பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு சேரை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். "வந்தது வந்துட்டிய, உக்காருங்க" என்றாள். "காப்பி போட்டாச்சா?"

அன்றைக்குத் தம்பி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நினைவு வைத்திருக்கிறாள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நான் என்னமோ அவன் பயந்திருப்பான், வெறுத்திருப்பான்னே நினைச்சேன் ஏளா. அப்படி இல்ல. இத்தன பேரு நமக்காக வந்திருக்காவன்னு சந்தோஷமாத்தான் இருக்கு." அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள். "மறுநாள்தான் ஒருத்தரும் போகல. நானும் போகல."

"சம்பல் தினமும் போச்சுல்லா மைனி" என்றேன். அவருக்கு யார் கைப்பக்குவம் என்று தெரியும் என்பதையும் சொன்னேன். மைனி நம்பாமல் சீலி அக்காவைப் பார்த்தாள். சீலி அக்கா தலையை ஆட்டினாள். மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, பந்தலில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து அதட்டினாள். "நாளைக்கும் வரணும். செத்தாத்தான் வரணும்னு இல்ல."

எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். குடித்துவிட்டேன். தவக்காலத்துக்குக் காப்பியை விட்டது உண்மைதான். அதற்குப் பதில் வேறொன்றை விட்டாச்சு, ஆண்டவர் சரிக்கட்டிக்கொள்வார்.

மார்ச் 23, ஞாயிறு

மைனி வீட்டில் நிஜமாகவே ஆட்கள் வந்திருந்தார்கள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. காப்பித்தூள்தான் தீர்ந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சீலி அக்கா வீட்டுக்காரரைப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். ஈரல். இனி வைத்தியம் இல்லை. வராந்தாவில் டாக்டர் முதலில் சொன்னது, அடுத்த செவ்வாய்க்கிழமை சிஸ்டர் உங்க வீட்டுக்கு வருவாங்க என்பதுதானாம். மீதியை அதற்குப் பிறகுதான் சொன்னாராம். சீலி அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். அழுதாள். மணி அடிக்கவில்லை.

மைனி சம்பல் வைத்தாள். நானே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போனேன், மைனி பின்னால் வந்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு உப்பு கூட என்றார். மைனிக்குக் கோபம் வந்துவிட்டது, இரண்டு பேரும் வாதாடினார்கள்.

பெவின் சேரை மட்டும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், வந்து போகிறவர்கள் உட்கார. சாமியானா இல்லை. பதினொரு மணிக்கு நர்ஸ் வந்தாள். உட்காரக் காலியாக ஒரு சேர் இல்லை. மைனி எழுந்து இடம் கொடுத்தாள்.